செய்மதிக் காலத்தில் ஒற்றருக்கு என்ன வேலை?

மாசி மாதம், பெரும்போக வெட்டு நேரத்தில், கிழக்கிலங்கையின் சம்மாந்துறைப் பக்கத்து வட்டை (வயல்வெளி) ஒன்றை வானத்திலிருந்து படம் பிடித்தால் நிறையத் தெரியும். எத்தனை ஏக்கர் பழுத்திருக்கிறது, எந்த மூலையில் தண்ணீர் இன்னும் வடியவில்லை, எத்தனை வெட்டு மெசின் இறங்கியிருக்கிறது, லொறி வந்துவிட்டதா என்று எண்ணியே சொல்லலாம். ஆனால் அங்கே ஐம்பது ஏக்கர் செய்யும் போடியார் (பெரிய வயல்காரர்) நெல்லை இப்போதே கொடுக்கப் போகிறாரா, விலை ஏறும்வரை அடுக்கி வைக்கப் போகிறாரா, எந்த மில்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது படத்தில் விழாது. அது போடியாருக்குத் தெரியும். அவருடைய கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானைக்கும் ஓரளவு தெரிந்திருக்கலாம். நாம் அறிய வேண்டுமென்றால் இந்த மூவரில் ஒருவர் வாய் திறக்க வேண்டும்.

பழைய பாணி ஒற்றாடல் இன்றைக்கும் தேவையா என்ற கேள்வி சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்தக் கணக்குப்பிள்ளையிடம்தான். எதிரியிடம் என்ன இருக்கிறது என்பதை இயந்திரம் எண்ணித் தரும். அதை வைத்து என்ன செய்ய நினைக்கிறான் என்பதை அவனுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். அப்படிச் சொல்பவர் பொய்யும் சொல்லலாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

முதலில் சொற்கள்

எங்கள் பக்கத்தில் சிவில் உடையில் வந்து கேள்வி கேட்பவர் எல்லோருமே 'சிஐடி'தான். அவர் பொலிஸா, இராணுவப் புலனாய்வா, அரச புலனாய்வுச் சேவையா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. துறைக்குள்ளே பிரிவு உண்டு. குற்றம் நடந்தபின் ஆதாரம் தேடி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது குற்றப் புலனாய்வு. நடக்கப் போவதை முன்கூட்டியே அறிந்து ஆட்சியில் இருப்பவருக்குச் சொல்வது உளவுப் புலனாய்வு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

தகவல் வரும் வாய்க்கால்கள் பெரும்பாலும் நான்கு. தொலைபேசி, வானொலி, இணையம் ஆகியவற்றை ஒட்டுக்கேட்பது ஒன்று. செய்மதியும் ட்ரோனும் எடுக்கும் படம் இன்னொன்று. பத்திரிகை, முகநூல், அரச வர்த்தமானி என்று எல்லோர் கண்ணிலும் படுவதைத் திரட்டுவது மூன்றாவது. அளவில் இதுதான் பெரியது. நான்காவது மனிதர். 'பாரம்பரிய உளவு' என்று சொல்வது இந்த நான்காவதை.

மனித வழியிலும் ஒரு குழப்பத்தை இப்போதே நீக்கிவிட வேண்டும். திரைப்படத்தில் காட்டுவதுபோல உளவுத்துறை அதிகாரி பூட்டை உடைத்து ஆவணம் எடுப்பது மிக அரிது. அதிகாரியின் வேலை ஆள் பிடிப்பது. ஆவணத்தை எடுப்பவர், அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே சம்பளத்துக்கு வேலை செய்யும் உள்நாட்டுக்காரர். அவரே ஒற்றர். அதிகாரி பெரும்பாலும் தூதரகத்தில் ஏதோவொரு செயலாளர் பதவியில் இருப்பார். பிடிபட்டால், 1961 வியன்னா உடன்படிக்கைப்படி காரணம்கூடச் சொல்லாமல் அவரைத் திருப்பி அனுப்பலாம். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. ஒற்றருக்கு அந்தக் கவசம் கிடையாது. அவருக்குச் சிறை, சில நாடுகளில் தூக்கு அல்லது துப்பாக்கி.

ஆள் பிடிப்பது எப்படி, எங்கே பிழைக்கிறது

முதலில் தேவையை எழுதுவார்கள்: 'இன்ன ஏவுகணை எப்போது தயாராகும்?' அது யாருக்குத் தெரியும் என்று பார்ப்பார்கள். அமைச்சர்தான் வேண்டும் என்பதில்லை. தட்டச்சாளர், சாரதி, கணினி திருத்துபவர் ஆகியோர் பல சமயம் அமைச்சரைவிட நல்ல இடத்தில் இருப்பார்கள். அடுத்தது அந்த ஆளை எடைபோடுவது, பழகுவது. இதற்கு மாதங்கள், சில வேளை வருடங்கள் போகும். அதன் பிறகே கேட்பது. சம்மதித்தால் சந்திக்கும் முறை, அவசரக் குறி, தப்பும் வழி மூன்றையும் சொல்லிக் கொடுப்பார்கள். கடைசிக் கட்டம், உறவை முடித்துக்கொள்வது. இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் மனம் கசந்த ஆள் ஒருவர் எதிரியின் வாசலில் போய் நிற்பார்.

ஒருவர் ஏன் சம்மதிக்கிறார்? பணம், கொள்கை, மிரட்டல், தன்னை யாரும் மதிக்கவில்லை என்ற மனக்குறை. நான்கில் மிக மோசமான தகவல் தருவது மிரட்டல். இதைக் கிழக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில், சந்தேக நபரைத் தலையாட்டிக் காட்டுவதற்காக முகத்தை மூடிச் சாக்குப் போட்டு உட்கார வைக்கப்பட்ட 'தலையாட்டி'யைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. தன் உயிருக்காகத் தலையாட்டுபவர் எத்தனை பேருக்கு ஆட்டினால் தன்னை விடுவார்கள் என்றுதான் கணக்குப் போடுவார். யார் உண்மையில் குற்றவாளி என்பது அந்தக் கணக்கில் வராது. நீதி ஒருபுறம் இருக்க, வெறும் தகவல் வேலையாகப் பார்த்தாலும் அது குப்பை.

பணத்துக்கு வருபவர் தகவல் தருவார், ஆனால் செலவில் மாட்டுவார். அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏயில் வேலை செய்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரகத்துக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தார். அவர் காட்டிக்கொடுத்ததால் அமெரிக்காவுக்கு வேலை செய்த குறைந்தது பத்து ஒற்றர்கள் கொல்லப்பட்டார்கள். அரச சம்பளக்காரரான அவர் ஐந்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வீட்டை ரொக்கமாகவே வாங்கினார். ஜாகுவார் காரில் வேலைக்கு வந்தார். மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு எழுதுவினைஞர் இப்படிச் செய்திருந்தால் ஒரு கிழமைக்குள் ஊர் கேட்டிருக்கும். அவரைக் கைதுசெய்ய 1994 பெப்ரவரி ஆயிற்று.

கொள்கைக்காக வருபவரைப் பிடிப்பது இதைவிடக் கடினம். அமெரிக்கப் பாதுகாப்புப் புலனாய்வு முகமையில் கியூபா பற்றி ஆய்வு எழுதிய ஆனா மொன்டெஸ், அதே கியூபாவுக்காகச் சுமார் 16 வருடம் வேலை செய்தார். சம்பளம் என்று எதுவும் வாங்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு தாளைக்கூட வெளியே கொண்டுவரவில்லை. பகலில் வாசித்ததை மனப்பாடம் செய்து இரவில் வீட்டில் தட்டச்சு செய்தார். வாசலில் எத்தனை ஸ்கேனர் வைத்தாலும் மண்டைக்குள் இருப்பது அகப்படாது. 2001 செப்டம்பர் 21 அன்று கைதானார். வீட்டுக் கணினியில் அழித்துவிட்டதாக அவர் நினைத்திருந்த எழுத்துகள் மீட்கப்பட்டதும் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்று.

படமும் ஆளும்

1962 ஒக்ரோபர் 14 அன்று அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் கியூபாவுக்கு மேலே பறந்து படமெடுத்தது. படத்தில் நீண்ட பொருள்கள், தார்ப்பாய்கள், வண்டிகள் தெரிந்தன. அவை எந்த வகை ஏவுகணை, எவ்வளவு தூரம் போகும், ஏவுவதற்கு எவ்வளவு நேரம் ஆயத்தம் வேண்டும் என்று சொல்ல இன்னொன்று தேவைப்பட்டது. அது ஏற்கெனவே கையில் இருந்தது. சோவியத் இராணுவ உளவுத்துறைக் கேணல் ஒலெக் பெங்கோவ்ஸ்கி, 1961இலிருந்து ஏவுகணைக் கையேடுகளைச் சிறிய மினொக்ஸ் கெமராவால் படம் பிடித்துப் பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் கொடுத்து வந்திருந்தார். மொஸ்கோவில் அவர் படச்சுருளைக் கொடுத்த வழிகளில் ஒன்று, பூங்காவில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த பிரித்தானிய அதிகாரியின் மனைவியிடம் இனிப்புப் பெட்டியாக நீட்டியது. கையேட்டைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் ஆர்-12 வகை ஏவுகணை என்பது உறுதியானது; எந்த இடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் விளங்கியது. ஒக்ரோபர் 22 அன்று, அந்த ஏவுகணைகளால் அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் மூண்ட நெருக்கடியின் நடுவிலேயே, அவர் கைதானார். அடுத்த வருடம் சுட்டுக்கொன்றார்கள்.

படத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா நல்ல பாடம். 1995இல் பொக்ரானில் அணுச் சோதனைக்கு நடந்த ஆயத்தத்தை அமெரிக்கச் செய்மதிகள் கண்டுபிடித்தன. அமெரிக்கத் தூதுவர் படத்தையே காட்டி அழுத்தம் கொடுத்தார், சோதனை நின்றது. படத்தில் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்பது இந்தியருக்கு அப்போது விளங்கிவிட்டது. அடுத்த தடவை செய்மதி தலைக்குமேல் வரும் நேரத்தை அட்டவணைப்படுத்தி, பெரும்பாலும் இரவில் வேலை செய்து, விடியுமுன் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தார்கள். 1998 மே 11, 13 ஆகிய திகதிகளில் குண்டுகள் வெடித்தபோதுதான் வாஷிங்டனுக்குத் தெரியும். ஆதாரத்தை வெளியே காட்டினால் அந்த வாய்க்கால் அடைபடும் என்பதும் இங்கே ஒரு பாடம்.

சில இடங்களில் ஒட்டுக்கேட்க ஒன்றுமே இருக்காது. ஒசாமா பின்லாடன் இருந்த, பாகிஸ்தானின் அபோதாபாத் வீட்டில் தொலைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. குப்பையை வளவுக்குள்ளேயே எரித்தார்கள். அவருடைய கடிதம் சுமந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பின்தொடர்ந்துதான் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். 2011 மே 2 அன்று முடிந்த அந்தத் தேடல் பல வருட வேலை.

உக்ரைன் விஷயம் இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2021 முடிவில் எல்லையில் குவிந்த ரஷ்யப் படைகளின் செய்மதிப் படத்தைத் தனியார் கம்பனிகளே வெளியிட்டன, யாரும் பார்க்கலாம். அமெரிக்காவும் பிரித்தானியாவும் 'அடிப்பார்கள்' என்றன. பிரான்ஸ் அப்படி நினைக்கவில்லை. 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யா படையெடுத்த பிறகு பிரான்ஸின் இராணுவப் புலனாய்வுத் தலைவர் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே படை எண்ணிக்கைதான் தெரிந்திருந்தது. வேறுபட்டது, புட்டின் என்ன செய்வார் என்ற மதிப்பீடு.

விரல் ரேகை செய்த வேலை

ஒற்றாடல் செத்துவிட்டது என்று சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கட்டார், குவைத், டுபாய் போய்வந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு தடவை விமான நிலையத்தில் கைரேகையும் கண்ணும் பதிந்துவிட்டால், திருப்பி அனுப்பப்பட்டவர் புதுப் பெயரில் புதுக் கடவுச்சீட்டு எடுத்தாலும் இயந்திரம் பழைய பெயரைச் சொல்லிவிடும். உளவு அதிகாரிக்கும் அதே தலைவிதி. முன்பு ஒருவர் பத்துப் பெயரில் பத்து நாட்டுக்குப் போனார். இப்போது ஒரு நாட்டுக்கு ஒரு பெயர்தான், ஆயுள் முழுவதும்.

2010 ஜனவரியில் டுபாய் ஹோட்டல் ஒன்றில் ஹமாஸ் தளபதி மஹ்மூத் அல்-மப்ஹூஹ் கொல்லப்பட்டார். கொல்ல வந்தவர்கள் போலிக் கடவுச்சீட்டு, தொப்பி, விக், டென்னிஸ் மட்டை என்று பழைய பாடத்தைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் டுபாய் பொலிஸ் விமான நிலையம், கடைத்தொகுதி, லிப்ட் வாசல் என்று எல்லா சிசிரிவி கெமராப் பதிவுகளையும் ஒட்டிச் சேர்த்து இரண்டு டசினுக்கும் மேற்பட்டவர்களின் முகங்களை உலகத்துக்குக் காட்டியது. ஒவ்வொரு கெமராவையும் ஏமாற்றலாம். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும் கணினியை ஏமாற்றுவது வேறு விஷயம்.

கைத்தொலைபேசியும் அப்படித்தான். கொண்டுபோனால் கோபுரத்துக்குக் கோபுரம் பதிவு. அணைத்துவிட்டுப் போனால், தினமும் எரியும் போன் இந்த இரண்டு மணித்தியாலம் மட்டும் ஏன் அணைந்தது என்ற கேள்வி. வீட்டில் வைத்துவிட்டுப் போவதே ஓரளவு பாதுகாப்பு. அதையும் ஒவ்வொரு சந்திப்புக்கும் செய்தால் அதுவே ஒரு கோலமாகிவிடும். அமெரிக்க அரச ஊழியர் நிர்வாக அலுவலகத்தின் கணினியிலிருந்து இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களின் பின்னணி விபரம் களவுபோனது 2015இல் தெரியவந்தது. அதில் 56 இலட்சம் பேரின் கைரேகையும் இருந்தது. சாதாரண அரச ஊழியர் என்று சொல்லித் தூதரகத்துக்குப் புதிதாக வரும் ஒருவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால், அந்த இல்லாமையே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே நேரடிச் சந்திப்புக் குறைந்தது, சுருங்கியது, ஒழியவில்லை. இணையத்தில் மறைவான தொடர்புத் தளம் வைத்தால் ஒன்றைக் கண்டுபிடிப்பவர் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார். அப்போது ஒரு ஒற்றர் அல்ல, முழு வலையும் போகும். அதனால்தான் பழைய கருவிகள் சில இன்னும் அலுமாரியில் இருக்கின்றன.

அவற்றில் ஒன்றைக் கையாலேயே செய்து பார்க்கலாம். ஒருமுறை மட்டும் பாவிக்கும் இலக்கத் தாள். அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே மாதிரியான, எந்த ஒழுங்கும் இல்லாத இலக்கங்கள் அச்சிட்ட தாள் இருக்கும். செய்தி 4719 என்று வைப்போம். தாளில் அடுத்த நான்கு இலக்கம் 8563. ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், பத்தோ அதற்கு மேலோ வந்தால் பத்தைத் தள்ளிவிடுங்கள். 4உம் 8உம் 12, எழுதுவது 2. 7உம் 5உம் 12, மறுபடி 2. 1உம் 6உம் 7. 9உம் 3உம் 12, மறுபடி 2. வானொலியில் போவது 2272. பெறுபவர் தாளைப் பார்த்துக் கழிப்பார், தேவையான இடத்தில் பத்தைக் கடன் வாங்குவார், 4719 வந்துவிடும். வெளியே கேட்பவருக்கு மூன்று 2 தெரியும். ஆனால் அந்த மூன்றும் 4, 7, 9 என்ற மூன்று வேறு இலக்கங்கள். எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் பிடித்துக்கொள்ள நூல் இல்லை. சிற்றலை வானொலியில் ஒரு குரல் இலக்கம் வாசிக்க, உலகத்தில் யார் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மொன்டெஸுக்கும் கியூபா சிற்றலையில் இலக்கம் வாசித்தே கட்டளை அனுப்பியது.

இந்த முறை உடைவது சோம்பலால். போர்க்கால அவசரத்தில் 1942இல் சோவியத் தரப்பு சில தாள்களை இரட்டையாக அச்சிட்டது. ஒரே தாளில் இரண்டு செய்தி போனால் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத் தாளை நீக்கிவிடலாம். அமெரிக்கக் குறியீட்டாளர்கள் அதைப் பிடித்து, வெனோனா என்ற பெயரில் 1980 வரை அந்தப் பழைய செய்திகளைத் தோண்டினார்கள்.

சொன்னவன் யார், சொன்னது என்ன

ஆள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தொடக்கநிலைக்காரரின் பிழை. பெரிய அமைப்புகளும் இதில்தான் விழுந்திருக்கின்றன. அறிக்கைக்கு இரண்டு புள்ளி போடுவது நெடுநாள் வழக்கம். சொன்ன ஆளுக்கு ஏ முதல் எஃப் வரை ஒரு எழுத்து; சொன்ன செய்திக்கு 1 முதல் 6 வரை ஒரு இலக்கம். ஏ என்றால் முழுதாக நம்பத்தக்கவர், எஃப் என்றால் எடைபோட முடியாதவர். 1 என்றால் வேறு வழியால் உறுதியானது, 6 என்றால் உறுதிபார்க்க வழியில்லாதது. இரண்டையும் பிரித்தே போட வேண்டும். நல்ல மனிதர் தப்பான செய்தியைக் கொண்டுவரலாம். பொய்யர் உண்மையும் சொல்லலாம்.

திருக்குறள் ஒற்றாடல் அதிகாரம் இதை முன்பே சொல்லி வைத்திருக்கிறது:

ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்.

அடுத்த குறள் ஒருபடி மேலே போகிறது: ஒருவரையொருவர் அறியாத மூவரை வைத்து, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பு என்கிறது. 'அறியாத' என்பதுதான் முக்கியம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் எத்தனை தடவை 'கடல் வருது' என்று ஊர் ஓடியிருக்கிறது! பத்துப் பேர் சொன்னார்கள் என்று ஓடினோம். பிறகு பார்த்தால் பத்துப் பேரும் ஒரே வட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டவர்கள். பத்து வாய், ஒரு மூலம்.

2003 பெப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் கொலின் பவல் ஐ.நா.வில் ஈராக்கின் நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள் பற்றிப் பேசினார். அந்தக் கதையின் முக்கிய மூலம் ஜேர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஒரு ஈராக்கியர். 'கர்வ்போல்' என்பது அவருக்கு வைத்த மறைபெயர். ஜேர்மனியர் அவரைத் தாங்களே வைத்திருந்தார்கள். போருக்கு முன் அமெரிக்கருக்கு அவரைத் தாங்களே விசாரிக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2011இல் தான் சொன்னது பொய் என்று அவரே ஒத்துக்கொண்டார். எஃப்6 போட்டு மூலையில் வைத்திருக்க வேண்டிய தகவல், ஏ1 போல மேடை ஏறியது. கேட்க விரும்பிய கதையைச் சொன்னவரை யார் சோதிப்பார்?

நம்பிக்கை மிஞ்சினால் உயிரும் போகும். 2009 டிசம்பர் 30, ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணம். அல்-கைதாவுக்குள் போன பெரிய ஒற்றர் என்று நம்பி ஒரு ஜோர்தானிய வைத்தியரை அமெரிக்க முகாமுக்கு அழைத்தார்கள். மரியாதைக் குறைவாக இருக்குமென்று வாசலில் சோதிக்கவில்லை. வரவேற்கப் பலர் கூடி நின்றார்கள். அவர் உடலில் குண்டு கட்டியிருந்தார். சிஐஏயைச் சேர்ந்த ஏழு பேர் இறந்தார்கள். ஒற்றரை ஒருபோதும் கூட்டமாகச் சந்திக்காதே என்பது மிகப் பழைய விதி.

தகவல் வந்தபிறகு

தகவல் திரட்டுவது, சரிபார்ப்பது, உரியவரிடம் சேர்ப்பது, அவர் செயற்படுவது ஆகியவை ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் முழுதும் வீண். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடத் தேவையில்லை.

2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் நடந்த மோதலுக்குப் பிறகு, பின்னாளில் 2019 உயிர்த்த ஞாயிறு தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் தலைமறைவானார். அவருடைய போக்கைப் பற்றி ஊருக்குள்ளிருந்தே அதிகாரிகளுக்கு முறைப்பாடுகள் போயிருந்தன. 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் உடனே முன்னாள் போராளிகள் பக்கம் திரும்பியது. ஒருவர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். அதைச் செய்தது சஹ்ரானின் குழு என்று வெளியே வந்தது 2019 ஏப்ரலுக்குப் பிறகு. விடையை முன்பே வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால், கையில் இருக்கும் தடயமும் கண்ணுக்குத் தெரியாது.

2019 ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. தேவாலயங்களும் இந்திய உயர்ஸ்தானிகராலயமும் இலக்கு என்று அதில் இருந்தது, பெயர்களும் இருந்தன. ஏப்ரல் 11 திகதியிட்ட பொலிஸ் கடிதம் ஒன்று சில பிரிவுகளுக்குப் போனது. ஏப்ரல் 16 அன்று காத்தான்குடிப் பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வெடிக்கவைத்துப் பரீட்சித்தார்கள். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, குண்டுதாரி வந்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குப் பிள்ளைகள் வந்தபோது வாசலில் பாதுகாப்பு இருக்கவில்லை. தகவல் இருந்தும் கடமை தவறியதாக 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. பொலிஸ் மா அதிபராகவும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராகவும் இருந்தவர்கள் உட்பட மேலும் நால்வருக்கும் தொகை விதிக்கப்பட்டது.

தாக்குதலுக்கு ஐந்து நாள் கழித்து, 2019 ஏப்ரல் 26 அன்று, அம்பாறை மாவட்டம் சாய்ந்தமருதில் அந்தக் குழுவின் மிச்சம் ஒளிந்திருந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்ததில் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். வாடகைக்குப் புதிதாக வந்தவர்களின் போக்கில் ஏதோ சரியில்லை என்று அயலவர்கள் பொலிஸுக்குச் சொன்னதிலிருந்துதான் அந்த வீடு பிடிபட்டது. இந்தத் தடவை, சொன்ன அன்றே வாசலுக்கு ஆள் போனது.